படத்தில் இடம்பெறாதவர்



என் வீட்டுப் பரணில் நெடுங்காலம் ஒரு பெரிய தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பின்புறம் துணி ஒட்டி, இரு முனைகளிலும் மூங்கில் கழி கோத்து, சுவரில் மாட்டுவதற்கென்று கயிறும் கட்டி நானே செய்த படம் அது. சென்ற மழைக்காலத்தில் பரணில் ஒழுகிய நீர் பட்டு அது நைந்து போயிற்று. எறிந்துவிடலாம் என்றாள் என் மனைவி. எறிவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பார்த்தேன். சிங்கத்தின் சிறகுகள் கரைந்திருந்தன. கரடியின் கறுப்பு நிறம் சிறுத்தையின் மேல் வழிந்திருந்தது. நான்காம் விலங்கின் பத்துக் கொம்புகள் மட்டும் சிவப்பு மையில் இன்னும் தெளிவாக நின்றன.

அந்தப் படத்தை வரைந்ததில் நான் செய்த பிழையொன்று உண்டு. அதை மறைத்து வைத்துக்கொண்டு கண்மூட எனக்கு மனமில்லை. என்னைப்போல் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிக்கும் அன்பர்கள் பலர் இவ்விதழைப் படிக்கின்றீர்கள். உங்களுக்குப் பயன்படுமென்று அதை இங்கே எழுதுகின்றேன்.

பத்துக் கொம்புகளின் கதை

பிறந்து வளர்ந்தது கடலூரில், பிழைப்பு சிதம்பரத்தில். அங்கே பள்ளியொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தேன். காலையில் பேருந்தேறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என ஊர்களைக் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் சேர்வேன். மாலையில் அதே வழியாய்த் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தபின் எங்கள் பங்கின் சிறுவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்துவது என் பொறுப்பு.

1979ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 'ஸ்கைலாப்' என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் வானத்திலிருந்து உதிர்ந்து எங்கு விழுமோ என்று நாடெங்கும் அச்சம் பரவிய காலம் அது. இறுதியில் அது இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் சிதறி விழுந்தது. அது விழுந்த பின்னும் அச்சம் மட்டும் விழாமல் நின்றது. பேருந்து நிலையத்திலும் புகைவண்டியிலும் உலக முடிவைப் பற்றிய துண்டறிக்கைகள் கைக்குக் கை மாறின.

அவ்வாறு என் கைக்கு வந்த ஓர் அறிக்கை தானியேல் ஆகமத்தின் நான்கு விலங்குகளுக்குப் பொருள் கூறிற்று. சிங்கம் இங்கிலாந்து, அதிலிருந்து பிடுங்கப்பட்ட கழுகின் சிறகு அமெரிக்கா, கரடி ருசியா, சிறுத்தை செருமனி. பத்துக் கொம்புடைய நான்காம் விலங்கோ ஐரோப்பியப் பொதுச் சந்தை. 1981 சனவரி முதல் நாளன்று கிரேக்க நாடு அச்சந்தையில் சேர்ந்தது; அத்துடன் உறுப்பு நாடுகள் சரியாகப் பத்தாயின. கொம்புகள் முளைத்துவிட்டன, இனி முடிவுதான் என்று உறுதியாகச் சொல்லிற்று அறிக்கை.

வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அந்தக் கணக்கு எவ்வளவு இனித்தது என்பதை இன்று நினைத்தால் நாணம் உண்டாகின்றது. உலகச் செய்தியெல்லாம் வேதத்தில் முன்னமே எழுதப்பட்டிருக்கின்றது. அதன் திறவுகோல் என் சட்டைப்பையில் இருக்கின்றது என்ற பெருமிதம்! அவ்வாண்டுத் தவக்காலத்தில் மூன்று இரவுகள் விழித்து அந்தப் படத்தை வரைந்தேன். கொந்தளிக்கும் கடலை நீலத்தில் தீட்டினேன். அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் நான்கு விலங்குகள் ஏறிவந்தன. ஒவ்வொன்றன் கீழும் ஒரு நாட்டின் பெயரை எழுதினேன்.

வகுப்பில் படத்தை விரித்தபோது சிறுவர்கள் மூச்சடங்கி இருந்தார்கள். கடலோரக் குடியிருப்பிலிருந்து வரும் மீன்பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பத்து வயதிருக்கும். "சார், அந்த மிருகம் நம்ம கடல்லேயும் வருமா?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே, "எந்தக் கடலிலும் வரும். ஒழுங்காகச் செபம் சொல்லு" என்றேன். அன்றிரவு அவன் உறங்கவில்லையென்று அவன் தாய் பின்னர் என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பிள்ளைகளுக்குத் தெய்வபயம் வருவது நல்லதுதானே என்று நான் அதைத் தள்ளிவிட்டேன்.

எங்கள் பங்குத்தந்தை அப்போது முதியவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் வகுப்புக்கு வந்து படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "வாத்தியாரே, இந்தப் படத்தில் மானிடமகன் எங்கே?"

"தாளில் இடம் போதவில்லை, சாமி" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

வார நாள்களில் அறிந்ததை ஞாயிறன்று மறந்தேன்

விலங்கு உருவங்கள் எதைக் குறிக்கும் என்பது எனக்குத் தெரியாத ஒன்றன்று. திங்கள் முதல் வெள்ளி வரை சிதம்பரத்தில் நான் கற்பித்ததே அதுதான். சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில் என்பதைத் தமிழ்ச் சிறுவன் பால்பல் விழுமுன்னரே அறிவான். முதலாம் இராசேந்திர சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையைப் பாருங்கள். அதில் புலி நிமிர்ந்து அமர்ந்திருக்கின்றது. அதனருகே இரண்டு கயல்களும் ஒரு வில்லும் உள்ளன. மேலே குடையும் சாமரமும் உள்ளன. பாண்டியனையும் சேரனையும் சோழன் அடக்கினான் என்பதை அந்த முத்திரையின் உருவங்களே சொல்லிவிடுகின்றன. கொள்ளிடத்துக் கரையில் மெய்யாகவே புலியொன்று வந்து மீன் பிடித்தது என்று என் மாணவருள் மந்தமானவன்கூட ஒருநாளும் எழுதியதில்லை.

பல்லவர்க்குக் காளை; விசயநகர வேந்தர்க்குப் பன்றி. வராகம் பொறித்த பொற்காசை நம் முன்னோர் 'வராகன்' என்றே அழைத்தனர். பேரரசின் விலங்கு ஏழையின் முந்தானை முடிச்சுக்குள்ளும் வந்து குடியிருந்தது! சிதம்பரம் கோயிலின் வடக்குக் கோபுரம் விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயரின் பெயரோடு இணைந்தது. பொன் வேய்ந்த புகழ் முதலாம் பராந்தக சோழனுடையது. ஆக, புலியும் பன்றியும் தத்தம் காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் ஆட்சி செலுத்தியிருக்கின்றன.

பிற்காலத்து விலங்குகள் கடல்வழியே வந்தன. 1690ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி அதற்குப் புனித தாவீது கோட்டை என்று பெயர் சூட்டியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு போய் விழுகின்றதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது உடன்படிக்கை. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. ஓர் உழவன் தன் வயலில் நின்றுகொண்டிருக்க, தலைக்குமேல் பறந்த இரும்புக் குண்டு அவன் யாருடைய குடிமகன் என்பதை முடிவு செய்துவிட்டது. 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்தின் தலைமையே அக்கோட்டையில் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றி இடித்தார்.

1781 ஜூன் மாதத்தில் ஐதர் அலியின் படை சிதம்பரம் கோயிலையே அரணாக்கி உள்ளே இருந்தது. அதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ஆனால் ஜூலை முதல் நாளன்று பரங்கிப்பேட்டையில் நடந்த பெரும்போரில் அவரே ஐதர் அலியை வென்றார். ஐதரின் மைந்தர் திப்பு சுல்தான் புலியைத் தம் சின்னமாகக் கொண்டவர். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் கம்பெனி தன் படைவீரர்க்கு ஒரு பதக்கம் வழங்கிற்று. அதில் சிங்கமொன்று புலியைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டிருக்கின்றது. சோழ முத்திரையும் அப்பதக்கமும் எத்தனையோ நூற்றாண்டு இடைவெளி உடையவை. சொல்லும் செய்தி ஒன்றே.

இவையனைத்தையும் வார நாள்களில் கற்பித்தவன் நான். ஞாயிறன்று தானியேலை விரித்தவுடன் அத்தனையும் மறந்து, துண்டறிக்கைக்கு அடிமையானேன்.

தானியேல் கண்டதும் கேட்டதும்

இனித் தானியேல் ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்தை நிதானமாகப் பார்ப்போம். வானத்தின் நான்கு காற்றுகளும் பெருங்கடலைக் கலக்குகின்றன. கழுகின் சிறகுடைய சிங்கம், மூன்று விலா எலும்புகளைப் பல்லில் கவ்விய கரடி, நான்கு சிறகும் நான்கு தலையும் உடைய சிறுத்தை, இரும்புப் பற்களும் பத்துக் கொம்புகளும் கொண்ட பெயரில்லாக் கொடிய விலங்கு ஆகியவை கடலிலிருந்து மேலேறி வருகின்றன. பத்துக் கொம்புகளினிடையே சிறு கொம்பொன்று முளைக்கின்றது. அதற்கு மனிதக் கண்களும் பெருமை பேசும் வாயும் உண்டு.

இக்காட்சிக்குப் பொருள் சொல்ல நாம் துண்டறிக்கையைத் தேடவேண்டியதில்லை, ஆகமமே சொல்லிவிடுகின்றது. நான்கு விலங்குகளும் நான்கு அரசர்கள் என்று தானியேலுக்கு விளக்கப்படுகின்றது. அடுத்த அதிகாரம் இன்னும் வெளிப்படை. ஊலாய் ஆற்றங்கரையில் இரு கொம்புள்ள செம்மறிக்கடா ஒன்று நிற்கின்றது. ஒரு கொம்பு மற்றதைவிட உயரம். மேற்கிலிருந்து நிலத்தில் கால் பாவாமல் ஒரு வெள்ளாட்டுக்கடா பாய்ந்து வந்து அதை மோதி மிதிக்கின்றது. செம்மறிக்கடா மேதிய, பாரசீக அரசர். வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசு என்று கபிரியேல் தூதரே பெயர் கூறி விளக்குகின்றார்.

கால் நிலத்தில் படாமல் வந்தவர் யாரென்று வரலாறு அறியும். மகா அலெக்சாந்தர் கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்தார், கி.மு. 331இல் காகமெலா போரில் பாரசீகப் பேரரசைச் சாய்த்தார்; கி.மு. 323இல் பாபிலோன் நகரில் முப்பத்திரண்டாம் வயதில் மாண்டார். பெரிய கொம்பு முறிந்த இடத்தில் நான்கு கொம்புகள் எழுந்தன என்று காட்சி கூறுகின்றது. அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டனர். அவர்களுள் செலூக்கஸ் வழியில் வந்தவனே நான்காம் அந்தியோக்கஸ். 'எப்பிபானெஸ்', அதாவது வெளிப்பட்ட தெய்வம், என்று காசுகளில் தன்னைப் பொறித்துக்கொண்டவன். கி.மு. 167இல் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தி, அன்றாடப் பலியை நிறுத்தி, வேதத்தைக் கைக்கொண்டோரைக் கொன்றவன் அவனே. பெருமை பேசும் சிறு கொம்பு அவன்தான். நம் விவிலியத்திலுள்ள மக்கபே ஆகமங்கள் அந்தக் கண்ணீர்க் கதையைச் சொல்லுகின்றன. கி.மு. 164இல் யூதா மக்கபே கோவிலை மீண்டும் தூய்மைப்படுத்தினார்.

தானியேல் ஆகமத்தின் காட்சிகள் அந்தக் கொடுமையின் நடுவில் எழுதி முடிக்கப்பட்டவை என்பது இன்றைய விவிலிய அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அவர்கள் நான்கு விலங்குகளையும் முறையே பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம் என்று கொள்கின்றனர். மூன்றாம் நூற்றாண்டில் கிறித்தவத்தை எதிர்த்தெழுதிய பொர்பீரி, சிறு கொம்பு அந்தியோக்கஸே என்றார். அவரை மறுத்த புனித எரோணிமுசு நான்காம் விலங்கு உரோமைப் பேரரசே என்று விளக்கவுரை எழுதினார். அதற்கும் காரணம் இருந்தது. உரோமையின் கீழ் துன்புற்ற திருச்சபைக்கு அப்பழைய விலங்கின் முகம் நன்கு அடையாளம் தெரிந்தது. திருவெளிப்பாட்டின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கடலிலிருந்து எழும் விலங்கு சிறுத்தையின் உடலும் கரடியின் காலும் சிங்கத்தின் வாயும் கொண்டு தானியேலின் விலங்குகளையெல்லாம் ஒன்றாய்த் திரட்டியதாக இருப்பதைக் கவனியுங்கள். அதன் எண் நீரோ மன்னனின் பெயரைக் குறிக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த நீரோவின் முகம் பதித்த காசுகள் நம் தமிழ்நாட்டு மண்ணிலும் கிடைத்துள்ளன.

இதிலிருந்து ஒன்று விளங்குகின்றது. இந்த விலங்குகள் ஒரே ஒரு நாட்டின் மேல் ஒட்டிவைத்துவிடும் பெயர்ச்சீட்டுகள் அல்ல. ஒரே சிங்கத்தை விவிலியம் எத்தனை விதமாய்க் கையாளுகின்றது! யூதாவின் குலத்துக்குச் சிங்கம் பெருமை. வெளிப்பாட்டில் ஆண்டவரே யூதாவின் சிங்கம். புனித இராயப்பரின் நிருபத்திலோ அலகையே கர்ச்சிக்கும் சிங்கம். ஓசே இறைவாக்கினரிடத்தில், தம்மை மறந்த மக்களை இறைவனே சிங்கமாகவும் சிறுத்தையாகவும் கரடியாகவும் எதிர்கொள்கின்றார். யார் பேசுகின்றார், யாரிடம் பேசுகின்றார், எந்தத் துன்பத்தில் பேசுகின்றார் என்று பார்த்தாலொழியப் பொருள் கிட்டாது. இதைத்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1943ஆம் ஆண்டின் சுற்றுமடலிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்திலும் கற்பித்தனர்: எழுதியவரின் காலத்தையும் இலக்கிய வகையையும் அறிந்து வாசிக்கவேண்டும். நான் படம் வரைந்தபோது அச்சங்க ஏட்டுக்கு வயது பதினைந்து. நான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் விளங்குகின்றது. வேந்தர்கள் புலியையும் சிங்கத்தையும் தாமே விரும்பிச் சூடிக்கொண்டார்கள். பாபிலோன் நகரின் ஊர்வல வீதிச் சுவர்களில் வண்ணச் செங்கல்லால் சிங்கங்களை வரிசையாய் நடக்கவிட்டவன் நெபுகத்னேசர். அவற்றை அகழ்ந்தெடுத்து இன்று பெர்லின் நகரில் அமைத்து வைத்திருக்கின்றார்கள். அவனுக்கு அது வீரத்தின் சின்னம். ஆனால் அந்த வீதியில் அடிமைகளாய் நடத்திச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் அதே சிங்கத்தை வேறு கண்ணால் பார்த்தார்கள். 'நீ சிங்கம் என்கின்றாய். ஆம், விலங்குதான் நீ' என்று தானியேல் திருப்பிச் சொல்லுகின்றார். செப்பேட்டு முத்திரையைப் புலியின் பக்கத்திலிருந்து பார்ப்பது ஒன்று; புலியின் அருகில் கிடக்கும் கயலின் பக்கத்திலிருந்து பார்ப்பது மற்றொன்று. தானியேல் கயலின் பக்கம் நின்று எழுதியவர்.

கரை ஏறி வந்த கேள்வி

இவற்றையெல்லாம் நான் 1981இல் அறிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. என் படத்தைக் காலம் மெல்ல அழித்தது. 1986இல் இசுப்பானியாவும் போர்த்துக்கலும் சேர்ந்தபோது கொம்புகள் பன்னிரண்டாயின. 1991 இறுதியில் சோவியத்து ஒன்றியமே கலைந்தது. சத்தமின்றிப் படத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். எவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. தப்பித்தேன் என்று எண்ணினேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்பின் மறுநாள், திருக்குடும்பப் பெருவிழா. காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது கடற்கரைப் பக்கமிருந்து மக்கள் ஓலமிட்டு ஓடிவந்தார்கள். ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கிவிட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களுள் குழந்தைகள் பலர். அந்த நாள்களை விவரிக்க எனக்குத் திராணியில்லை. கண்டவர்களுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பள்ளியொன்றில் அமைத்திருந்த நிவாரண முகாமுக்குப் போர்வைகள் கொண்டுபோனேன். தாழ்வாரத்தில் ஒருவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முன்வரிசைச் சிறுவன்! முப்பத்து மூன்று வயது ஆடவன் இப்போது. ஆறு வயது மகளை அலை கொண்டுபோயிருந்தது. அவன் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சார்" என்றான். அழவில்லை. "அன்னிக்கு நீங்க படம் போட்டுக் காட்டுனீங்க. கடல்லேருந்து மிருகம் ஏறி வரும்னு. நான்கூடக் கேட்டேன், நம்ம கடல்லேயும் வருமான்னு. வரும்னு சொன்னீங்க. இதுதானா சார் அது?"

நான் வாயடைத்து நின்றேன். இருபத்து மூன்று ஆண்டுகளாய் அவன் அந்தக் கடலின்மேல் நாள்தோறும் போய் வந்திருக்கின்றான்; என் படமும் அவனுடன் தோணியில் போய் வந்திருக்கின்றது! அவன் தோளைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், போர்வைகளை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே வாயிலில் ஒருவர் யாவர்க்கும் ஒரு துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தின் அடையாளங்கள் என்பது அதன் தலைப்பு. வாங்கி நான்காய்க் கிழித்தேன். பிறகு, அவரைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கின்றது என்று தோன்றிற்று.

அன்றிரவு தானியேலின் ஏழாம் அதிகாரத்தை ஒரு படிப்பினையும் தேடாமல், அவனுக்கு என்ன சொல்வேன் என்ற ஒரே ஏக்கத்துடன் வாசித்தேன். இருமுறை வாசித்தபின் ஒரு சொல் கண்ணில் பட்டது. காட்சியில் விலங்குகள் கடலிலிருந்து ஏறுகின்றன. ஆனால் அதை விளக்குமிடத்தில், அந்த நான்கு அரசர்களும் மண்ணிலிருந்து எழுவார்கள் என்றே சொல்லப்படுகின்றது. காட்சியில் கடலாய்த் தோன்றியது நம் கடலன்று. மனிதர் வாழும் இந்த மண்ணின் குழப்பமே கடலாய்க் காட்டப்பட்டது. கொடிய விலங்கு என்று தானியேல் சுட்டுவது அலையை அன்று, காற்றை அன்று. மனிதரை மிதிக்கும் மனித ஆட்சியை.

இத்தனை தெளிவாய் எழுதியிருந்ததை நான் எப்படிக் காணாமல் போனேன்? விலங்குகளின் வண்ணத்தில் மயங்கி, அவற்றுக்குப் பின் வருவதை வாசிக்காமல் விட்டேன். அரியணைகள் இடப்படுகின்றன; தொன்மை வாய்ந்தவர் அமர்கின்றார்; நூல்கள் திறக்கப்படுகின்றன; கொடிய விலங்கு அழிகின்றது. அதன்பின் வானத்து மேகங்களின்மேல் மானிடமகனைப் போன்ற ஒருவர் வருகின்றார். முடிவில்லா ஆட்சி அவருக்கு அளிக்கப்படுகின்றது. விலங்குகளின் ஆட்சிக்கு முடிவு கட்ட இன்னும் பெரிய விலங்கொன்று வரவில்லை. மனித முகத்துடன் ஒருவர் வருகின்றார். அதிகாரம் முழுவதும் அவரை நோக்கியே நடக்கின்றது. நம் ஆண்டவர் தம்மைக் குறிக்க விரும்பி எடுத்துக்கொண்ட பெயரும் அதுவே.

முதிய பங்குத்தந்தையின் கேள்வி அப்போதுதான் என்னைச் சுட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகளாகியிருந்தன. 'தாளில் இடம் போதவில்லை, சாமி' என்று நான் சொன்னது வெறும் சாக்கு; நான்கு விலங்குகளுக்கும் தாராளமாய் இடம் விட்டவன் நான்தான்.

வலை பின்னும் இடத்தில்

தவக்காலத் தொடக்கத்தில் அவனைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். உடைந்த தோணிகளின் நடுவே பழைய வலையைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். அருகில் உட்கார்ந்தேன்.

"தம்பி, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அன்று நான் காட்டிய படம் தப்பு. தெரியாமல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உன் பிள்ளையைக் கொண்டுபோனது வேதத்தில் சொன்ன மிருகம் இல்லை. ஆண்டவர் அனுப்பிய தண்டனையும் இல்லை" என்றேன். சுமத்திராத் தீவுக்கு அருகே கடலடியில் அன்று காலை ஆறரை மணியளவில் பூமி பிளந்து அசைந்ததையும், அந்த அசைவு நீரைத் தள்ளி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுப் பின் நம் கரையை அடைந்ததையும் எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொன்னேன்.

அவன் வலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அப்போ அவர் தடுத்திருக்கலாமே, சார்?" என்றான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை, இன்றும் இல்லை. இல்லாத விடையை இருப்பதுபோல் சொல்லித்தான் ஒருமுறை அவனைக் கெடுத்தேன். மறுமுறை அதைச் செய்ய நான் துணியவில்லை. "தெரியாதப்பா" என்றேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் வலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "பிடிங்க சார்" என்றான். பிடித்தேன். இருட்டும் வரை நான் பிடிக்க அவன் முடிச்சிட்டான்.

அவ்வாண்டு இறுதிக்குள் அவன் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கினான். சில ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய மகன் என் வகுப்பில் வந்து அமர்ந்தான். தானியேல் பாடம் வந்தபோது நான் படமொன்றும் மாட்டவில்லை. கரும்பலகையில் சோழ முத்திரையை வரைந்து, "இந்தப் புலி யார்? இந்த மீன் யார்?" என்று கேட்டேன். பிள்ளைகள் உடனே சொன்னார்கள். "சரி, அந்த மீனுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் எப்படி எழுதுவார்?" என்று கேட்டுவிட்டுத் தானியேலை எடுத்தேன். அதிகாரத்தை இறுதியிலிருந்து, மானிடமகனிலிருந்து தொடங்கினேன். அன்றிரவு எந்தப் பிள்ளையும் உறங்காமல் இருந்ததாகச் செய்தி வரவில்லை.

வாசக அன்பர்களே, தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலை நெருங்கும் இடத்தில் தாவீது கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. குண்டு எறிந்து ஊர்களை அளந்த சிங்கத்தின் குகை இன்று அவ்வளவுதான். புலியும் பன்றியும் சிங்கமும் போயின. புதியவை வரக்கூடும், அவற்றுக்கும் வண்ணப்படமும் துண்டறிக்கையும் யாரேனும் அச்சிடுவார்கள். அவை உங்கள் கைக்கு வரும்போது என் முதிய பங்குத்தந்தையின் கேள்வியை மட்டும் கேளுங்கள்: இதில் மானிடமகன் எங்கே?

எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் எனக்குப் பிடித்தமான செய்தியொன்று உண்டு. அத்தனை காட்சிகளையும் கண்ட தானியேல் சோர்ந்து சில நாள் நோயுற்றுக் கிடந்தாராம். பிறகு எழுந்து தம் வழக்கமான அலுவலைப் பார்க்கப் போனாராம். காட்சியோ அவருக்கே முற்றும் விளங்கவில்லையாம். கண்டவருக்கே விளங்காததை மூன்றே இரவில் வரைந்து முடித்தவன் நான். அவரிடமிருந்து நான் கற்கவேண்டியிருந்தது அதற்கு முந்தியதை: விளங்காதபோதும் எழுந்து போய், வலையின் ஒரு முனையைப் பிடிப்பது.

நைந்த படத்தை நான் எறிந்துவிட்டேன். அதிலிருந்த மூங்கில் கழிகள் இரண்டும் இன்னும் உறுதியாயிருந்தன. அவற்றில் என் மனைவி அவரைக்கொடி படரவிட்டிருக்கின்றாள்.